மைக்ரோ ஆர்.என்.ஏ. ரத்தப் பரிசோதனை இருக்கும்போது கல்லீரல் ஸ்கேன் எதற்கு?

கேள்வியின் சாரம் இது: “எனக்குப் பல வருடமாக ஹெபடைடிஸ் பி இருக்கிறது. அண்ணனுக்கு ஹெபடைடிஸ் சி இருந்தது. மாத்திரை சாப்பிட்டு வைரஸ் போய்விட்டது, ஆனால் அதற்குள் சிரோசிஸ் வந்துவிட்டது. இருவரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை கல்லீரல் புற்றுநோயை 90 சதவீதத் துல்லியத்தோடு கண்டுபிடிக்கிறது என்று படித்தேன். அதைச் செய்துகொண்டு ஸ்கேனை விட்டுவிடலாமா?”

விட வேண்டாம். இரண்டு பேருமே விட வேண்டாம். ஆனால் நீங்கள் படித்தது வெறும் விளம்பரமும் அல்ல. அதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. அந்த 90 சதவீதம் யாரை யாரோடு ஒப்பிட்டு வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இப்போதிருக்கும் முறையில் குறை இல்லை என்றால் யாரும் புதிய பரிசோதனை தேடிப் போக மாட்டார்கள். உலகில் 2022-இல் சுமார் 8.6 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது, சுமார் 7.6 லட்சம் பேர் அதனால் இறந்தார்கள். இந்த இரண்டு எண்களும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதற்குக் காரணம், பெரும்பாலோருக்கு நோய் முற்றிய பிறகே தெரியவருவதுதான். கட்டி சிறியதாக இருக்கும்போது பிடித்துவிட்டால் அறுவை சிகிச்சை, சூடேற்றிப் பொசுக்குவது, கல்லீரல் மாற்று என்று குணப்படுத்தும் வழிகள் உண்டு. ஆகவேதான் ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். ஷாங்காயில் ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்கள், முன்பு இருந்தவர்கள் என 18,816 பேரை வைத்து நடந்த ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டும், ஏ.எஃப்.பி. என்ற புரதத்தை அளக்கும் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ள அழைக்கப்பட்ட பிரிவில் கல்லீரல் புற்றுநோய் இறப்பு 37 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வின் நடைமுறையில் குறை சொல்பவர்கள் உண்டு. இருந்தாலும் கண்காணிப்பு உயிரைக் காக்கிறது என்பதற்கு நம் கையில் இருக்கும் வலுவான ஆதாரம் அதுதான்.

அதற்காக ஸ்கேன் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று நினைக்காதீர்கள். சிரோசிஸ் வந்த கல்லீரல் முழுக்க வடுவும் முடிச்சுமாக இருக்கும். அதற்குள் ஒன்றரை சென்டிமீட்டர் கட்டி ஒளிந்துகொள்வது எளிது. பல ஆய்வுகளைத் திரட்டி 2018-இல் வந்த மதிப்பீட்டின்படி, சிரோசிஸ் உள்ளவர்களில் ஆரம்பகட்டப் புற்றுநோயை அல்ட்ராசவுண்ட் மட்டும் பிடிப்பது 45 சதவீதம். ஏ.எஃப்.பி.யும் சேர்ந்தால் 63. ஏ.எஃப்.பி. 1960-களின் முதல் பாதியில் கண்டறியப்பட்ட பழைய குறி. கட்டி சிறியதாக இருக்கும்போது பல பேருக்கு அது உயர்வதே இல்லை; புற்றுநோய் இல்லாமல் ஹெபடைடிஸ் கிளர்ந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும் உயரும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் மைக்ரோ ஆர்.என்.ஏ. வருகிறது.

மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது சுமார் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ. புரதம் எதையும் உருவாக்காது, மற்ற ஆர்.என்.ஏ.க்களில் போய் ஒட்டி, எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்பதைக் கட்டுப்படுத்தும். விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் 1993-இல் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழுவில் இதைக் கண்டபோது, அது புழுவின் விசித்திரம் என்றே பலரும் நினைத்தார்கள். அதே கண்டுபிடிப்புக்கு 2024-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவை செல்லுக்குள் இருக்கும் என்பது தெரிந்ததுதான். ரத்தத்திலும் கெடாமல் இருக்கும் என்பது 2008-இல்தான் தெளிவானது. ரத்தத்தில் ஆர்.என்.ஏ.வை நறுக்கும் நொதிகள் நிறைய. தனியாக விட்ட ஆர்.என்.ஏ. நிமிடக்கணக்கில் காணாமல் போகும். மைக்ரோ ஆர்.என்.ஏ. மட்டும் பிழைப்பதற்குக் காரணம், அது தனியாக வருவதில்லை. சில எக்சோசோம் எனப்படும் நுண்குமிழிக்குள் வரும், சில ஆர்கோநாட் என்ற புரதத்தின் பிடியில் வரும், இன்னும் சில எச்.டி.எல். கொழுப்புத் துகளோடு வரும். அறை வெப்பநிலையில் சில மணி நேரம் கிடந்தாலும், உறைய வைத்து மீண்டும் உருக்கினாலும் அளக்க முடிகிறது. ஒரு குழாய் ரத்தத்தில் கல்லீரலின் சேதி கிடைக்கும் என்ற ஆசை அங்கேதான் பிறந்தது.

கல்லீரலில் இந்த ஆசைக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. மிர்-122 என்று ஒன்று. கல்லீரல் செல்லில் உள்ள மொத்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் ஏறத்தாழ 70 சதவீதம் இது ஒன்றுதான். மற்ற உறுப்புகளில் மிகவும் குறைவு. கல்லீரலின் முத்திரை என்றே சொல்லலாம். ஹெபடைடிஸ் வைரஸ்களுக்கும் இதற்கும் உள்ள உறவு, இந்தத் துறையில் எனக்குப் பிடித்த பகுதி.

சி வைரஸ் மிர்-122-ஐ நம்பி வாழ்கிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. போய் ஒட்டினால் வழக்கமாக அந்த ஆர்.என்.ஏ. அடங்கும் அல்லது அழியும். ஹெபடைடிஸ் சி வைரஸின் ஆர்.என்.ஏ. முனையில் மிர்-122 ஒட்டினால் நடப்பது தலைகீழ்: அந்த முனையை நொதிகள் அரிக்காமல் அது காக்கிறது, வைரஸ் பெருகுகிறது. இது 2005-இல் தெரியவந்தது. மிர்-122-ஐ முடக்கினால் வைரஸ் பட்டினி கிடக்குமே என்று மிராவிர்சென் என்ற மருந்தைச் செய்தார்கள். 2013-இல் வெளியான 36 பேர் ஆய்வில் வைரஸ் அளவு உண்மையாகவே இறங்கியது. ஆனால் அதே சமயத்தில் வைரஸை நேரடியாகத் தாக்கும் மாத்திரைகள் வந்து, சில வாரங்களிலேயே குணமாக்கத் தொடங்கிவிட்டன. உங்கள் அண்ணன் சாப்பிட்டது அந்த வகை மாத்திரையாகத்தான் இருக்கும்.

பி வைரஸோடு உறவு வேறு மாதிரி. அங்கே மிர்-122 வைரஸை அடக்கும் பக்கம் நிற்கிறது, வைரஸின் ஆர்.என்.ஏ.க்கள் மிர்-122-ஐ உறிஞ்சி அதன் அளவைக் குறைக்கின்றன. இது சின்ன விஷயம் இல்லை. மிர்-122 இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு முதலில் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது, பிறகு அழற்சி, வடு, கடைசியில் புற்றுநோய். இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ. கல்லீரலுக்குக் காவல் என்று இதிலிருந்து புரிகிறது. பி வைரஸ் தன் டி.என்.ஏ.வை நம் மரபணுத் தொகுதிக்குள்ளேயே செருகிவிடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்: அதனால்தான் சிரோசிஸ் வராமலேயே ஹெபடைடிஸ் பி நோயாளிக்குப் புற்றுநோய் வர முடிகிறது. சி வைரஸ் மரபணுவுக்குள் புகாது. அங்கே புற்றுநோய் பெரும்பாலும் வருடக்கணக்கான அழற்சி, வடு, சிரோசிஸ் என்ற பாதையில் வருகிறது. உங்களுக்கும் அண்ணனுக்கும் ஒரே பரிசோதனை ஒரே மாதிரி வேலை செய்யும் என்று எதிர்பார்க்க முடியாததற்கு இதுவே முதல் காரணம்.

சரி, இப்போது சிக்கலுக்கு வருவோம். பல கல்லீரல் கட்டிகளில் மிர்-122 குறைந்திருக்கிறது. அதே நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்தால் பெரும்பாலும் கூடியிருக்கிறது. முரண்பாடாகத் தோன்றும், ஆனால் இல்லை. ரத்தத்தில் வரும் மிர்-122 கட்டி அனுப்பிய சேதி அல்ல. சேதமடைந்து சாகும் சாதாரணக் கல்லீரல் செல்கள் உடைந்து கொட்டியது அதில் பெரும்பங்கு. எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் நொதி ரத்தத்தில் ஏன் உயர்கிறதோ அதே காரணம்தான். பாராசிட்டமால் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவரின் ரத்தத்திலும் மிர்-122 பல மடங்கு ஏறும். அவருக்குப் புற்றுநோய் கிடையாது.

2011-இல் வந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகவே காட்டியது. மிர்-21, மிர்-122, மிர்-223 மூன்றும் கல்லீரல் புற்றுநோய் நோயாளிகளிடம் உயர்ந்திருந்தன. ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் அருமையான வித்தியாசம். ஆனால் புற்றுநோய் இல்லாத நாள்பட்ட ஹெபடைடிஸ் நோயாளிகளிடமும் அவை உயர்ந்தே இருந்தன. மிர்-21 புற்றுநோய் உலகில் மிகப் பிரபலமானது, பி.டி.இ.என். என்ற காவல் மரபணுவை அது அடக்குவதும் உண்மை. இருந்தும் மார்பகம், நுரையீரல், குடல் என்று ஏகப்பட்ட புற்றுநோய்களில் உயர்வதால், அதை வைத்துக் கல்லீரலைச் சுட்டிக்காட்ட முடியாது. மிர்-223 பெரும்பாலும் வெள்ளணுக்களிலிருந்தும் தட்டணுக்களிலிருந்தும் வருகிறது. சிரோசிஸில் தட்டணு எண்ணிக்கையே குறைந்துவிடும் என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த எண் எதைச் சொல்கிறது என்ற சந்தேகம் இன்னும் கூடும்.

ஆகவே, இது பற்றிய எந்த ஆய்வுக் கட்டுரையை எடுத்தாலும் நான் முதலில் தேடுவது துல்லியச் சதவீதத்தை அல்ல. ஒப்பீட்டுக் குழுவில் யார் இருந்தார்கள் என்று பார்ப்பேன். ஒரு பக்கம் முற்றிய புற்றுநோய், மறுபக்கம் கல்லீரல் நோயே இல்லாத ரத்ததானம் செய்பவர்கள் என்றால், 95 சதவீதம் வந்தாலும் எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. அப்படி ஒப்பிட்டால் எஸ்.ஜி.பி.டி.கூட நன்றாகத்தான் பிரித்துக் காட்டும். உங்கள் டாக்டருக்கு முன்னால் இருக்கும் கேள்வி வேறு: பத்து வருட ஹெபடைடிஸால் ஏற்கெனவே அடிபட்ட கல்லீரலுக்குள் புதிதாக ஒரு கட்டி முளைத்திருக்கிறதா?

இந்தக் கேள்வியை ஒழுங்காக எதிர்கொண்ட ஆய்வுகளும் இருக்கின்றன. ஒற்றை மைக்ரோ ஆர்.என்.ஏ. போதாது என்று தெரிந்ததால் அவை ஏழெட்டைக் கூட்டாக எடுத்துக்கொள்கின்றன. 2011-இல் சீனாவிலிருந்து 934 பேரை வைத்து வந்த ஆய்வில் மிர்-122, 192, 21, 223, 26ஏ, 27ஏ, 801 என ஏழு இருந்தன. எல்லாமே ஹெபடைடிஸ் பி தொடர்பான புற்றுநோய்க்கானது. அதில் முடிவுகளைக் குழு குழுவாகப் பிரித்துச் சொல்லியிருந்தார்கள். 0.5 என்றால் நாணயம் சுண்டியதற்குச் சமம், 1 என்றால் முழுத் துல்லியம் என்ற அளவுகோலில், ஆரோக்கியமானவர்களிடமிருந்து புற்றுநோயைப் பிரிப்பதில் 0.941. சிரோசிஸிலிருந்து பிரிப்பதில் 0.884. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-யிலிருந்து பிரிப்பதில் 0.842. மேலே சொன்ன கதை முழுவதும் இந்த மூன்று எண்களில் இருக்கிறது. அதே சமயம் 0.842 என்பது மோசமான எண்ணும் அல்ல. இந்த ஏழின் அடிப்படையில் உருவான பரிசோதனைக்குச் சீனாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இல் அனுமதியும் கொடுத்தது.

2015-இல் வந்த இன்னொரு சீன ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அவர்களின் ஏழு வேறு: மிர்-29ஏ, 29சி, 133ஏ, 143, 145, 192, 505. இரண்டு பட்டியலுக்கும் பொதுவானது மிர்-192 மட்டும். அந்த ஆய்வில் ஒரு பகுதி, ஹெபடைடிஸ் பி உள்ளவர்களைப் பின்தொடர்ந்து, பின்னாளில் புற்றுநோய் வந்த 27 பேரின் பழைய ரத்த மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. நோய் கண்டறியப்படுவதற்கு 12 மாதம் முன்பு எடுத்த ரத்தத்தில், மைக்ரோ ஆர்.என்.ஏ. கூட்டு 8 பேரை அடையாளம் காட்டியது, ஏ.எஃப்.பி. 2 பேரை. மூன்று மாதம் முன்பு எடுத்ததில் 15-க்கு 6. ஏ.எஃப்.பி.யைவிடத் தெளிவாக மேல். ஆனால் மூன்று மாதத்துக்கு முன்புகூட 27 பேரில் 12 பேரை அது தவறவிட்டது. ஸ்கேனை விட்டுவிடலாமா என்ற கேள்விக்கு நான் தயங்காமல் இல்லை என்று சொல்வது இந்த 12 பேருக்காகத்தான்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுங்கள். சிரோசிஸ் உள்ள 1,000 பேரைக் கூட்டுகிறோம். அவர்களில் இப்போது 20 பேருக்குக் கட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை 85 சதவீதப் புற்றுநோயைப் பிடிக்கும்; நோய் இல்லாதவர்களில் 90 சதவீதம் பேருக்குச் சரியாக இல்லை என்று சொல்லும். கேட்க நன்றாக இருக்கிறது. இருபதில் 17 பேர் பிடிபடுவார்கள். மீதி 980 பேரில் பத்து சதவீதம், அதாவது 98 பேருக்குத் தவறாக ‘இருக்கிறது’ என்று வரும். ஆக, இருக்கிறது என்று தாளைக் கையில் வாங்கும் 115 பேரில் உண்மையாக நோய் இருப்பது 17 பேருக்கு. ஏறத்தாழ ஏழில் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் சி.டி., எம்.ஆர்.ஐ. என்று அலைந்து, முடிவு வரும்வரை தூக்கமில்லாமல் கிடக்க வேண்டும். இது மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் குற்றமல்ல; அரிதாக வரும் நோயைத் தேடும் எந்தப் பரிசோதனைக்கும் இதே கதிதான். ஆனால் விளம்பரத் தாளில் இந்தக் கணக்கு இருக்காது.

ஆய்வகத்துக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இரண்டு குழுக்களின் பட்டியலில் ஒன்றே ஒன்று மட்டும் பொருந்துவதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ரத்தம் எடுக்கும்போது ரத்தக்குழாய் சரியாகக் கிடைக்காமல் சிரிஞ்சை வலிந்து இழுத்தால் சிவப்பணுக்கள் சில உடையும். ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா லேசாக இளஞ்சிவப்பாகும்; சில நேரம் கண்ணுக்கு அதுகூடத் தெரியாது. சிவப்பணுக்களில் மிர்-451-உம் மிர்-16-உம் நிறைந்திருக்கின்றன, அவை அப்படியே பிளாஸ்மாவில் கலந்துவிடும். பல ஆய்வுகள் மற்ற அளவுகளை ஒப்பிட்டுச் சரிசெய்ய மிர்-16-ஐத்தான் அடிப்படையாக வைத்திருந்தன! அடிப்படையே ஏறிவிட்டால் மற்றதெல்லாம் இறங்கியதுபோல் தெரியும், நோயாளியின் கல்லீரலில் எந்த மாற்றமும் இல்லாமலே. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: சிவப்பணு உடைந்தாலும் அதிகம் மாறாத மிர்-23ஏ-வையும் மிர்-451-ஐயும் பிசிஆரில் (மரபணுப் பொருளைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கி அளக்கும் முறை) அளந்து, இரண்டுக்கும் இடையே எத்தனை சுற்று வித்தியாசம் என்று பார்ப்பார்கள். ஏழுக்கு மேல் போனால் அந்த மாதிரியை ஒதுக்கிவிடுவது நல்லது. பிசிஆரில் ஒரு சுற்று வித்தியாசம் என்றால் அளவில் இரண்டு மடங்கு. எனவே இங்கே ஒரு சின்னக் கவனக்குறைவு, புற்றுநோய் உண்டு இல்லை என்ற முடிவையே புரட்டிப்போடப் போதுமானது.

குழாயிலும் விஷயம் இருக்கிறது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் போட்ட குழாயில் எடுத்தால் அது பிசிஆரையே தடுக்கும்; ஈ.டி.டி.ஏ. குழாய் வேண்டும். சீரமா (ரத்தம் உறைந்த பிறகு பிரியும் திரவம்) பிளாஸ்மாவா என்பதும் முடிவை மாற்றும், ஏனென்றால் ரத்தம் உறையும்போதே தட்டணுக்கள் தம்மிடம் உள்ளதைக் கொட்டிவிடும். ஏ.எஃப்.பி.க்கு லிட்டருக்கு இத்தனை என்று உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட அலகு உண்டு. மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு அப்படிப் பொதுவாக ஏற்கப்பட்ட எல்லைக்கோடு இல்லை. ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னோர் ஆய்வகத்தின் எண்ணோடு வைத்துப் பார்ப்பது வீண்.

உங்கள் அண்ணனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைரஸ் போனதும் கல்லீரல் அழற்சி தணியும், ரத்தத்தில் மிர்-122 இறங்கும். அதைப் பார்த்துப் புற்றுநோய் அபாயமும் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். சி வைரஸைக் குணப்படுத்தினால் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம் குறைகிறது, பூஜ்யம் ஆவதில்லை. சிரோசிஸ் இருக்கும்வரை கண்காணிப்பும் இருக்கும். மேலே சொன்ன இரண்டு கூட்டுகளிலும் முதலாவது ஹெபடைடிஸ் பி நோயாளிகளுக்காகவே செய்யப்பட்டது, இரண்டாவதன் பின்தொடர்ந்த பகுதியும் அவர்களை வைத்தே நடந்தது. சி வைரஸிலிருந்து குணமான சிரோசிஸ் நோயாளிக்கு அந்த எல்லைக்கோடுகளை அப்படியே பொருத்துவது ஊகம்தான். உங்களுக்கோ, டெனோஃபோவிர், என்டகாவிர் மாதிரி மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அபாயம் குறையும். அங்கேயும் பூஜ்யம் இல்லை.

அமெரிக்க, ஐரோப்பியக் கல்லீரல் மருத்துவ அமைப்புகளின் வழிகாட்டுதல்களில் கண்காணிப்புக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ. இடம்பெறவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட்தான் அடித்தளம், அதோடு ஏ.எஃப்.பி.யையும் சேர்க்கச் சொல்கிறது அமெரிக்க அமைப்பு. சந்தேகம் வந்தால் அடுத்தது சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. சிரோசிஸ் உள்ளவர்களிடம் கட்டி எப்படி அந்தப் படத்துக்காக ஊசியில் செலுத்தும் சாயத்தை வேகமாக வாங்கி வேகமாக விடுகிறது என்பதை வைத்தே, பெரும்பாலான நேரம் ஊசி குத்திச் சதை எடுக்காமல் நோயை உறுதிசெய்துவிட முடிகிறது.

ஏற்கெனவே பணம் கட்டி மைக்ரோ ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்துவிட்டீர்கள் என்றால், இருக்கிறது என்று வந்தால் பதறாமல், தாமதிக்காமல் கல்லீரல் மருத்துவரிடம் அந்தத் தாளோடு போங்கள், அவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம். இல்லை என்று வந்தால் அடுத்த ஸ்கேன் தேதியை மாற்ற வேண்டாம். ஸ்கேன் அறிக்கையிலேயே ‘கல்லீரல் முழுமையாகத் தெரியவில்லை’ என்ற மாதிரி வரி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உடல் பருமனாலும் குடலில் உள்ள வாயுவாலும் சில பேருக்கு அப்படி ஆகும். இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டி, அல்ட்ராசவுண்டுக்குப் பதில் எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள்.